ஐஸ்னர் பஞ்சாயத்து

ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோவில் நான் வேலை பார்த்தது டிஸ்னியில் இல்லை. ஹோட்டல்களுக்குப் பராமரிப்பு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, மூன்றாம் மாடி வராந்தாவில் பல்ப் எரியவில்லை என்று வரவேற்பில் இருப்பவர் பதிவு செய்வார். அது பராமரிப்பு ஆளின் பேஜருக்குப் போகும். அவர் சரி செய்துவிட்டுப் புகாரை முடித்துவைப்பார். இது ஒழுங்காக நடக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம். ஆனால் டிஸ்னியின் பூங்காக்கள் இருக்கும் அந்த ஊரில் யார் எங்கே வேலை பார்த்தாலும் பேச்சு கடைசியில் டிஸ்னியில்தான் வந்து நிற்கும். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள். மீதிப் பேர் ஆண்டு பாஸ் வைத்துக்கொண்டு வாரக்கடைசி தோறும் குழந்தைகளோடு அங்கே போகிறவர்கள்.

2003 நவம்பர் 30 அன்று ராய் ஈ. டிஸ்னி அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலிருந்து ராஜினாமா செய்தார். வால்ட் டிஸ்னியின் அண்ணன் மகன். குடும்பத்தில் அந்தக் குழுவில் மிச்சமிருந்த ஒரே ஆள். அவருக்கு அப்போது 73 வயது. 72 தாண்டியவர்கள் மறுபடி நிற்க முடியாது என்ற விதியைக் காட்டி, அடுத்த முறை உங்கள் பெயர் பட்டியலில் இருக்காது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதற்குள் அவரே விலகி, தலைமை நிர்வாகி மைக்கேல் ஐஸ்னரும் போக வேண்டும் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். கம்பெனிக்கு ஆன்மா போய்விட்டது, சீக்கிரம் காசு பார்ப்பதொன்றுதான் குறி என்று உலகம் நினைக்கிறது என்பது அதன் சாரம். ‘சேவ் டிஸ்னி’ என்று ஓர் இயக்கமே தொடங்கினார்.

இதில் வேடிக்கை, 1984-இல் ஐஸ்னரைக் கொண்டுவந்ததும் இதே ராய்தான். அன்றைக்கு நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்தது. வால்ட்டின் மருமகன் ரான் மில்லர் தலைமையில் இருந்தார். சால் ஸ்டைன்பெர்க் என்ற முதலீட்டாளர் பங்குகளை வாங்கிக் குவித்து, கம்பெனியைக் கைப்பற்றித் துண்டு துண்டாக விற்றுவிடுவாரோ என்ற நிலை. அவரிடமிருந்து பங்குகளைத் திரும்ப வாங்க முப்பது கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அந்தக் குழப்பத்தில்தான் ராய் தன் மச்சான் முறையான மில்லரை வெளியேற்ற உதவி, பாரமவுண்டிலிருந்து ஐஸ்னரையும் வார்னரிலிருந்து ஃபிராங்க் வெல்ஸையும் உள்ளே கொண்டுவந்தார். இருபது வருடம் கழித்து, தான் கொண்டுவந்தவரைத் தானே வெளியேற்றக் கிளம்பினார்.

எங்கள் மதியச் சாப்பாட்டு மேஜை அந்தக் குளிர்காலம் முழுக்க இதையே மென்றது. டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் நீண்ட காலம் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வாடிக்கையாளர் உதவிக்கு வந்திருந்த ஒரு அம்மா, ராய் பக்கம். கணக்குப் பிரிவில் இருந்தவர் ஐஸ்னர் பக்கம், அல்லது பங்கு விலையின் பக்கம். என் அறைக்குப் பக்கத்து இளைஞன், கம்ப்யூட்டர் அனிமேஷன் படம் எடுக்கும் பிக்ஸார் கம்பெனியின் வெறியன். அதன் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்பான். 1994-இல் சண்டை போட்டுக்கொண்டு போய் டிரீம்வொர்க்ஸ் பட நிறுவனம் தொடங்கிய, டிஸ்னியின் பழைய ஸ்டுடியோ தலைவர் காட்சென்பெர்க்கைத் திரும்ப அழைக்கலாம் என்று ஒருவர் சொல்ல, அதற்கு இரண்டு நாள் சண்டை. என்னோடு வேலை பார்த்த திருநெல்வேலிப் பையன் ஒருநாள் என் காதருகே வந்து, “அண்ணே, நம்ம ஊர்ல கட்சித் தலைவர் யாருன்னு டீக்கடையில அடிச்சுக்கிற மாதிரியே இருக்குண்ணே” என்றான். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதே தொனிதான்.

ஆனால் டீக்கடையில் நான் கேட்காத ஒன்று அங்கே இருந்தது. இவர்கள் பேச்சு தலைவரின் முகத்தில் தொடங்கினாலும் பல்பில் போய் முடியும். பூங்காவுக்குள் நுழைந்ததும் வரும் மெயின் ஸ்ட்ரீட் கட்டடங்களின் விளிம்பு நெடுக சின்னச் சின்ன பல்புகள் வரிசையாக எரியும். தன் காலத்தில் அவை அணையும்வரை காத்திருக்க மாட்டார்கள், இத்தனை மணி நேரம் எரிந்தால் மாற்றிவிடு என்று கணக்கு உண்டு என்பார் அந்த அம்மா. இப்போது அணைந்த பிறகுதான் மாற்றுகிறார்களாம், அதுவும் எப்போதாவது. பெஞ்சில் பெயின்ட் உரிந்திருப்பது, பொம்மை ஒன்றின் கை அசையாமல் நிற்பது, கடைகளில் எல்லாம் ஒரே டி-ஷர்ட் தொங்குவது என்று அவரிடம் பெரிய பட்டியல் இருந்தது. ஐஸ்னரைப் பற்றி அவர் ஒரு நாளும் சந்தை மதிப்பை வைத்துப் பேசியதில்லை.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டதற்குக் காரணம் என் வேலைதான். எங்கள் மென்பொருளில் இரண்டு வழி உண்டு. ஒன்று, புகார் வந்தால் ஆள் போவது. இன்னொன்று, கெட்டுப்போகும் முன்பே தேதி வைத்து மாற்றுவது. இரண்டாவதை விற்பதற்குள் எங்கள் விற்பனைக்காரர்களுக்கு நாக்கு தள்ளிவிடும். “நல்லா எரியற பல்பை ஏன் கழட்டணும்?” என்றுதான் ஒவ்வொரு ஹோட்டல் மேனேஜரும் கேட்பார். அட்டவணையை நிறுத்தியதும் அந்த மாதமே செலவு குறையும், அறிக்கையில் அழகாகத் தெரியும். அதன் விலை இரண்டு மூன்று வருடம் கழித்து வேறு யாரோ ஒருவருடைய அறிக்கையில் வரும். நிறுத்தியவர் அதற்குள் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1990-களின் பிற்பகுதியில் ஆலோசகர்கள் வந்து பராமரிப்பு முறைகளை மாற்றியதைப் பற்றி எங்கள் மேஜையில் கோபமாகப் பேசுவார்கள். 2003 செப்டம்பரில் அங்கே பிக் தண்டர் மவுண்டன் ரோலர் கோஸ்டர் தடம் புரண்டு 22 வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார். பராமரிப்பு வேலை சரியாகச் செய்யப்படாததே காரணம் என்று மாநில விசாரணை சொன்னது. இரண்டையும் நேராக முடிச்சுப் போட்டுவிட்டார்கள் ரசிகர்கள். அவ்வளவு நேர்க்கோடா என்று என்னால் சொல்ல முடியாது. அவர்கள் பல்பை வைத்துப் பயந்தது வீண் பயம் என்றும் சொல்ல முடியாது.

2004 ஜனவரியில் இன்னொரு அடி. ஃபுளோரிடாவிலேயே இருந்த அனிமேஷன் ஸ்டுடியோவை மூடப்போவதாக அறிவித்தார்கள். முலான், லிலோ அண்ட் ஸ்டிட்ச் படங்கள் எல்லாம் உருவான இடம் அது. சுமார் 250 பேருக்கு வேலை போயிற்று. குடும்பத்தோடு முன்பு ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். மேலே கண்ணாடி போட்ட நடைபாதை. கீழே விளக்கு மேஜைகளில் ஆட்கள் குனிந்து வரைந்துகொண்டிருப்பார்கள். ஒருவர் ஒரு தாளைத் திருப்புவார், அடியில் இருப்பதைப் பார்ப்பார், மறுபடி திருப்புவார், கொஞ்சம் அழிப்பார். என் மகள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். வேலை செய்கிறவர்களை வேடிக்கை பார்க்கக் காசு கொடுத்து வந்த கூட்டம் அது. அந்த மேஜைகள் காலியாகும் என்ற செய்தி வந்த அன்று, ஐஸ்னர் பக்கம் பேசிய கணக்குக்காரர்கூட வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரியில் காம்காஸ்ட் என்ற கேபிள் டிவி நிறுவனம் டிஸ்னியையே 5,400 கோடி டாலருக்கு விலைக்குக் கேட்டது. மார்ச் 3 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பங்குதாரர் கூட்டம். 43 சதவீத வாக்குகள் ஐஸ்னருக்குத் தர மறுக்கப்பட்டன. எதிர்த்து நிற்க ஆளே இல்லாத தேர்தலில் இது பெரிய அவமானம். அன்று இரவே இயக்குநர் குழுத் தலைவர் பதவியைப் பிரித்து, முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செலிடம் கொடுத்தார்கள். நிர்வாகப் பொறுப்பு மட்டும் ஐஸ்னரிடம் நின்றது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் டோனட் பெட்டி வாங்கி வந்தார்.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் கணக்குக்காரர் கேட்ட கேள்விதான் என்னிடம் தங்கியது. 1984-லிருந்து 1994 வரை இதே ஐஸ்னர் ஏன் ஜெயித்தார்? அதற்கப்புறம் ஏன் தோற்றார்? ஆள் மாறவில்லையே. 1994 ஏப்ரலில் ஃபிராங்க் வெல்ஸ் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அவர் வந்தபோது இருவரும் சம பதவியில் இருக்கலாம் என்றுதான் யோசனை இருந்தது. ஐஸ்னர் ஒத்துக்கொள்ளவில்லை; நீங்களே மேலே இருங்கள் என்று வெல்ஸ் விட்டுக்கொடுத்தார். ஐஸ்னரின் பத்து யோசனைகளில் எது நடக்கும், எது நடக்காது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் வெல்ஸ் ஒருவர்தான். அவர் போன அதே வருடம் காட்சென்பெர்க்கும் போனார். அடுத்த வருடம் ஹாலிவுட் ஏஜென்ட் மைக்கேல் ஓவிட்ஸை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்து, பதினாலு மாதத்தில் சுமார் 14 கோடி டாலர் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பணத்தை எதிர்த்துப் பங்குதாரர்கள் போட்ட வழக்கு நாங்கள் மேஜையில் பேசிக்கொண்டிருந்த நாட்களில் டெலவேர் நீதிமன்றத்தில் நடந்தது. வால்ட்டுக்கும் அப்படித்தான். கனவு அவருடையது, வங்கிக்குப் போய்க் கடன் வாங்கி வந்தவர் அண்ணன் ராய் ஓ. டிஸ்னி. தம்பி இறந்த பிறகு ஓய்வைத் தள்ளிவைத்துவிட்டு ஃபுளோரிடா பூங்காவை 1971 அக்டோபரில் திறந்துவைத்து, அந்த டிசம்பரிலேயே அவரும் காலமானார்.

ஆனால் எங்கள் மேஜையில் யாரும் ‘இரண்டாவது ஆள் யார்’ என்று விவாதித்ததில்லை. எல்லோரும் இன்னொரு வால்ட்டைத் தேடினார்கள். அதனால்தான் 2005 மார்ச்சில் ஐஸ்னருக்கு அடுத்த தலைமை நிர்வாகி பாப் ஐகர் என்று அறிவித்தபோது அவ்வளவு சலிப்பு. வெளியாட்களில் ஈபே தலைமை நிர்வாகி மெக் விட்மனோடு பேசினார்கள், அதுவும் நடக்கவில்லை. ஐகர், டிஸ்னி ஏபிசி தொலைக்காட்சியை வாங்கியபோது அதோடு சேர்ந்து வந்தவர், ஐஸ்னருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர், இளமையில் கொஞ்ச நாள் டிவியில் வானிலை சொன்னவர். “வானிலைக்காரர்” என்றே பெயர் வைத்துவிட்டான் பிக்ஸார் இளைஞன். தேர்வு முறையே மோசடி என்று ராய் வழக்குப் போட்டார்.

பதவி ஏற்கும் முன்பே அந்த வானிலைக்காரர் செய்த முதல் காரியம், எல்லாப் பிரிவுகளின் யோசனைகளையும் வடிகட்டிக்கொண்டிருந்த திட்டமிடல் துறையின் அதிகாரத்தைப் பிடுங்கியது. ராயோடு சமாதானம் பேசி, அந்த ஜூலையிலேயே வழக்கை முடித்துக்கொண்டார். உறவை முறித்துக்கொண்டு போயிருந்த ஜாப்ஸை அழைத்துப் பேசினார். 2006 ஜனவரியில் 740 கோடி டாலருக்கு பிக்ஸாரை வாங்கி, அனிமேஷனை அங்கே இருந்த எட் கேட்மலிடமும் ஜான் லாசெட்டரிடமும் ஒப்படைத்தார். தனக்கு வராத வேலையை வருகிறவர்களிடம் கொடுத்தார், அவ்வளவுதான். நோய் எங்கே என்று ரசிகர்கள் இயக்குநர் குழுவுக்கு முன்பே சரியாகச் சொன்னார்கள். வைத்தியர் விஷயத்தில் அவர்கள் ஓட்டு எதுவும் ஐகருக்கு விழவில்லை.

பிறகு நான் சென்னைக்கு வந்து அணிகளை நடத்தும் வேலைக்குப் போனேன். ஆள் எடுக்கும்போது, ‘இவர் தலைமைக்கு ஏற்றவரா’ என்று குழுவாக உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவோம். ‘இவரிடம் மறுத்துப் பேச யார் இருப்பார்கள்’ என்று நான் கேட்டால் மனிதவளப் பிரிவில் ஒருமாதிரி பார்ப்பார்கள். அதற்குப் படிவத்தில் இடம் கிடையாது.

2020 பிப்ரவரியில் பூங்காக்களை நடத்திய பாப் சேப்பெக் டிஸ்னியின் தலைமைக்கு வந்தார். மூன்றே வாரத்தில் அமெரிக்கப் பூங்காக்களை கொரோனா மூடவைத்தது. அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த அக்டோபரில், எந்தப் படத்துக்கு எவ்வளவு செலவு, எது எங்கே வெளியாகும் என்ற அதிகாரத்தைப் படம் எடுப்பவர்களிடமிருந்து எடுத்து ஒரு விநியோகப் பிரிவிடம் கொடுத்தார். எனக்கு உடனே பழைய திட்டமிடல் துறைதான் நினைவுக்கு வந்தது. 2022 ஜூனில் அவருக்கு மூன்று வருட ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு அனுப்பிவிட்டு ஐகரையே திரும்ப அழைத்தார்கள். மறுநாளே அந்தப் பிரிவைக் கலைக்க ஐகர் உத்தரவு போட்டார்.

ஓய்வுபெற்று இன்னும் ஒர்லாண்டோவில் இருக்கும் அந்த அம்மாவிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: வானிலைக்காரர் வந்துவிட்டார், இனி கவலை இல்லை. எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. பதினைந்து வருடம் ஆண்டவர், ஓய்வைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டவர், போய் மூன்று வருடத்துக்குள் அவரையே தேடிப் போக வேண்டியிருந்தது என்றால் அந்தப் பதினைந்து வருடத்தில் யாரையும் வளரவிடவில்லை என்றுதானே அர்த்தம்? இதை அந்த அம்மாவுக்கு எழுதினேன். அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நீ இங்கே இருந்த 2004-இல் ஒருநாள் டிக்கெட் 54.75 டாலர், 2022 டிசம்பரிலிருந்து மேஜிக் கிங்டமுக்குக் கூட்ட நாளில் 189 என்று அறிவித்திருக்கிறார்கள், பேரன்களைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன், உன் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டிருந்தார்.