கடல் இல்லாத நாட்டின் மாலுமிச் சட்டை

வியன்னாவுக்குப் போகிறவர்களுக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். எனக்குச் சொல்லப்பட்டது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹோஃப்பூர்க் அரண்மனைக்குள் இருக்கும் சிற்றாலயத்துக்குப் போய்விடு என்பது. வியன்னா சிறுவர் பாடகர் குழு அங்கேதான் திருப்பலியில் பாடுகிறது. ஸ்விஸ் முற்றத்தைத் தாண்டி உள்ளே நுழைந்து, பின்னால் கிடைத்த இடத்தில் நின்றுகொண்டேன். பாட்டு மேலே, மாடத்திலிருந்து வருகிறது. பாடுகிறவர்கள் கண்ணில் படுவதில்லை. கூட்டத்தில் பாதிப்பேர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் அடங்கிவிட்டார்கள்.

திருப்பலி முடிந்ததும் பையன்கள் கீழே இறங்கி வந்து பீடத்தின் முன்னால் நின்று ஒரு பாட்டுப் பாடினார்கள். அப்போதுதான் உடையைக் கவனித்தேன். முதுகில் சதுரமாக விழும் காலர், முன்னால் முடிச்சு, நெஞ்சில் ஆஸ்திரியக் கழுகுச் சின்னம். அச்சு அசலாகக் கப்பல்காரன் உடை. ஆனால் ஆஸ்திரியாவுக்கு ஒரு முழம் கடற்கரைகூடக் கிடையாதே!

இந்தக் குழுவின் வேர் 1498-இல் இருக்கிறது. பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் தன் அரண்மனை ஆலயத்துக்கென்று பாடும் பையன்களை அமர்த்தினார். இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் ஷூபர்ட்கூடச் சிறுவயதில் இந்த ஆலயத்தில் பாடியவர்தான். முடியாட்சிக் காலத்தில் அவர்களுக்கு அரண்மனைச் சீருடை. கடைசிக் காலத்தில் ராணுவப் பயிற்சி மாணவர்கள் போல, இடுப்பில் குறுவாளோடு. 1918-இல் பேரரசர் போனார், சம்பளமும் போயிற்று. யோசெஃப் ஷ்னிட் என்ற பாதிரியார் 1924-இல் குழுவை மறுபடி நிறுத்தியபோது குறுவாளைக் கழற்றிவிட்டு மாலுமி உடையைப் போட்டார். அன்றைக்கு ஐரோப்பா முழுவதும் நடுத்தர வீட்டுப் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உடுப்பு அதுதான். குடியரசில் அரண்மனை வாடை அடிக்காத, அதே சமயம் கௌரவமான ஒரு உடை. சாமர்த்தியமான தேர்வு என்றுதான் எனக்குப் படுகிறது.

கடல் சங்கதி மட்டும் விடவில்லை. மறுநாள், பழைய ராணுவ வளாகமான அர்செனாலில் இருக்கும் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். சரயேவோவில் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுடப்பட்ட கார் அங்கே நிற்பதால் எல்லோரும் அந்த அறைக்குத்தான் ஓடுகிறார்கள். கடற்படைக் கூடத்தில் என்னோடு இருந்தது ஒரு காவலர் மட்டும். உள்ளே, பக்கவாட்டில் அறுத்துத் திறந்து காட்டப்பட்ட ‘விரிபுஸ் உனிடிஸ்’ போர்க்கப்பலின் மாதிரி, கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளம். கொதிகலன் அறை, பீரங்கிக் கூண்டு என்று ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே போகலாம். அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

1918 வரை இந்தப் பேரரசுக்கு ஏட்ரியாட்டிக் கரை இருந்தது. ட்ரியெஸ்ட் வணிகத் துறைமுகம், போலா கடற்படைத் தளம். சுடப்பட்ட ஃபெர்டினாண்டின் உடலை ட்ரியெஸ்ட்டுக்குக் கொண்டுவந்ததும் இதே விரிபுஸ் உனிடிஸ்தான். முதல் உலகப் போரில் தோற்கும் நேரத்தில், 1918 அக்டோபர் 31 அன்று, கப்பற்படையைத் தென் ஸ்லாவியர்களின் தேசியக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கைமாறிய செய்தி தெரியாத, எதிரணியைச் சேர்ந்த இரண்டு இத்தாலியர்கள் இரவோடு இரவாகப் போலா துறைமுகத்துக்குள் நீந்தி வந்து வெடி வைக்க, விடிந்ததும் கப்பல் மூழ்கியது. கப்பல் போய், கரையும் போய், ஆறு வருடம் கழித்துப் பாடும் பையன்களுக்கு மாலுமிச் சட்டை வருகிறது!

அந்த உடையைக் குழந்தைகள் பக்கம் திருப்பிவிட்டது வேறொரு அரச குடும்பம். 1846 செப்டம்பரில் விக்டோரியா மகாராணி குடும்பத்தோடு ராஜ படகில் சேனல் தீவுகள் பக்கம் போனார். படகு மாலுமிகளுக்குத் துணி தைக்கிற ஆளே, ஐந்து வயதுகூட ஆகாத இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டுக்கு அதே மாதிரி ஒரு சின்ன உடை தைத்துக் கொடுத்தார். பையன் அதைப் போட்டுக்கொண்டு மேல்தட்டுக்கு வந்ததும் மாலுமிகள் ஆரவாரம் செய்தார்கள் என்று ராணி நாட்குறிப்பில் எழுதினார். ஓவியர் விண்டர்ஹால்டர் அந்தக் கோலத்தில் இளவரசரை வரைந்தார். படம் அச்சில் பரவ, உடையும் பரவியது. அசல் உடை இன்றும் லண்டன் கிரீனிச்சில் இருக்கும் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை, பிரிட்டிஷ் கடற்படை சாதாரண மாலுமிகளுக்கென்று ஒரே மாதிரிச் சீருடை வகுத்தது 1857-இல்தான். இளவரசர் 11 வருடம் முந்திக்கொண்டார். காலரில் இருக்கும் மூன்று வெள்ளைக் கோடுகள் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் மூன்று வெற்றிகள், கறுப்புக் கழுத்துத்துணி அவருக்கான துக்கம் என்று ஒரு கதை உண்டு. ஆலய வாசலில் ஒரு பிரிட்டிஷ் பயணி எனக்கும் அதைச் சொன்னார். கதை அழகுதான், உண்மை இல்லை. கறுப்புத்துணி நெல்சன் சாவதற்கு முன்பே மாலுமிகள் கழுத்தில் இருந்தது.

இளவரசர் போட்டிருந்தது கணுக்கால் வரை தொங்கும் நீளக் கால்சராய். முழங்கால் வரைக்குமான டவுசர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 18-ஆம் நூற்றாண்டில் கனவான்கள்தான் முழங்காலோடு நிற்கும் கால்சட்டை போட்டார்கள். நீளக் கால்சராய் மாலுமிக்கும் உழைப்பாளிக்கும் உரியது. அந்த நூற்றாண்டின் இறுதியில் பையன்களுக்கு, மேல்சட்டையோடு பித்தான் போட்டுச் சேர்க்கும் நீளக் கால்சராய் வந்துவிட்டது. அப்பாவுக்கு அரைக்கால், பிள்ளைக்கு முழுக்கால். நூறு வருடத்தில் எல்லாம் தலைகீழ். அப்பாக்கள் நீளத்துக்கு மாற, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிள்ளைகளின் கால்சட்டை மேலே ஏறிவிட்டது. அதற்கும் முன்னால், நான்கு வயதோ ஆறு வயதோ ஆகும்வரை ஆண் குழந்தைக்கும் கவுன்தான். ஆகவே கவுன், டவுசர், முழுக்கால் சட்டை என்று மூன்று படி ஏறித்தான் ஒருவன் ஆணாக முடிந்தது.

மூன்றாவது படி நமக்கும் தெரியும். வெள்ளைக்காரன் விட்டுப்போன காக்கி டவுசரில்தான் நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். ஒன்பதாவதில் முழுக்கால் சட்டை தைக்க அளவு கொடுத்த நாளில் நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். வளர்கிற பையனுக்கு நீளத்தில் தைத்தால் ஆறு மாதத்தில் கட்டையாகிவிடும், முட்டியிலும் கிழியும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. ஐரோப்பியத் தாய்மார்களும் வேறு கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஜெர்மனியில் இந்த உடைக்குக் கடற்படைத் தளமான கீல் நகரத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. ரஷ்ய இளவரசர் அலெக்சிக்கு மாலுமி உடையோடு, தூக்கிச் சுமக்க ஒரு நிஜ மாலுமியும் இருந்தார். ரத்தம் உறையாத நோய்க்காரப் பிள்ளை. ஜப்பானில் 1920-களில் அதே சதுரக் காலர் பெண்கள் பள்ளிச் சீருடையானது. 1934-இல் வந்த டொனால்ட் டக் மேல்சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு டவுசர் விவகாரத்தையே கைகழுவிவிட்டது.

போகிறவர்களுக்கு: பாடகர் குழு ஜூலை, ஆகஸ்டில் ஆலயத்தில் பாடுவதில்லை. மற்ற மாதங்களில் இருக்கைக்கு முன்கூட்டியே சீட்டு வாங்கிவிடுங்கள். பாடகர்கள் முகம் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடைசிப் பாட்டு வரை பொறுத்திருக்க வேண்டும். அர்செனாலுக்கு மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். காரைப் பார்த்த கையோடு வெளியே வந்துவிடாமல், கடற்படைக் கூடம் எங்கே என்று காவலரைக் கேளுங்கள்.