கார் அவளிடம், ஆப் அவரிடம்: இணைப்பைத் துண்டிக்க ஆன ஐந்து வாரம்

எடுத்த எடுப்பிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அடி, மிரட்டல் தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறிய பெண் ஓட்டும் கார் இன்னும் கணவரின் போன் ஆப்பில் இருக்கிறதா? கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிடாதீர்கள். நாங்கள் கூப்பிட்டோம்.

பேசியவர் பண்பாகத்தான் பேசினார். வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) கேட்டார், பெயர் கேட்டார். "சரிபார்க்க ஆறு இலக்க எண் ஒன்று அனுப்பியிருக்கிறேன், வாசியுங்கள்" என்றார். எங்கள் யார் போனுக்கும் எதுவும் வரவில்லை. எப்படி வரும்? கணக்கில் இருந்தது கணவரின் எண். பத்து நிமிஷத்தில், வீட்டைவிட்டு வந்திருந்த எங்கள் தோழிக்கு அவள் கணவரிடமிருந்து செய்தி வந்துவிட்டது: "கார் கம்பெனிக்கு எதுக்கு போன் போட்ட?" அன்று ராத்திரி அவளையும் குழந்தையையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இடம் கலிஃபோர்னியா, பே ஏரியா. எச்-4 விசாவில், அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்து வந்த பெண்களுக்குக் கூடமாட ஓடும் தன்னார்வலர்கள் நாங்கள். இங்கே வழக்கமான ஏற்பாடு தெரிந்ததுதானே: கடன் கணவர் பேரில், கார் கணவர் பேரில், ஆப்பும் அவர் போனில். ஓட்டுவது மட்டும் அவள். அந்த ஆப்பை வைத்துக்கொண்டு கார் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், பூட்டலாம், திறக்கலாம், ஹாரன் அடிக்கலாம், ஹீட்டரைப் போடலாம். எல்லாமே நடந்தது. அவள் வேலை பார்க்கும் கடை வாசலில் நிற்கும் வண்டி தானாக ஹாரன் அடிக்கும். "என்ன, இன்னிக்கு லிவர்மோர் கோவிலா?" என்று செய்தி வரும்.

கம்பெனிக்காரர் கண்ணில் "உரிமையாளர்" என்றால் கணக்கைத் திறந்தவர். வண்டியை ஓட்டுபவரும் இல்லை, டி.எம்.வி. என்கிற மாநில வாகனத் துறை தரும் டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், பேர் உள்ளவரும் இல்லை. டைட்டிலில் இரண்டு பேர் பெயர் இருந்தால்கூட நடுவில் "ஆர்" என்று இருக்கிறதா, "அண்ட்" என்று இருக்கிறதா பாருங்கள். "ஆர்" என்றால் ஒருவர் கையெழுத்திலேயே வண்டியை மாற்றிவிடலாம். "அண்ட்" என்றால் இருவரும் போட வேண்டும். எங்கள் விஷயத்தில் அவர் பெயர் மட்டும்தான்.

அடுத்து டீலரிடம் போனோம். அரை நாள் வீண். சர்வீஸ் ஆலோசகர் சொன்ன ஒரே வழி, "புது உரிமையாளர்" என்று பதிந்துகொள்வது. அதற்கு டைட்டில் வேண்டும். கிடைத்தாலும், பழைய கணக்குக்காரருக்கு "உங்கள் வண்டி நீக்கப்பட்டது" என்று மின்னஞ்சல் தானாகப் போகும். அது எந்த நிமிஷத்தில் போகும் என்று ஆலோசகருக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மெக்கானிக் தணிந்த குரலில், டெலிமாட்டிக்ஸ் (வண்டியைக் கம்பெனியோடு இணைக்கும் கருவி) ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள் என்றார். பிடுங்கினால் ஆப் செத்துவிடும், உண்மை. கூடவே எஸ்.ஓ.எஸ். பட்டனும், விபத்து நடந்தால் தானாக 911-ஐக் கூப்பிடும் வசதியும் போய்விடும். சில மாடல்களில் போன் பேசும் மைக்கும் போகும். உயிருக்குப் பயந்து ஓடும் பெண்ணின் வண்டியில் எஸ்.ஓ.எஸ். இல்லாமல் பண்ணுவதா என்று விட்டுவிட்டோம். வேறு வழியே இல்லாத ஒரு ராத்திரிக்கு வேண்டுமானால் சரி.

போலீஸிலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. டிராக் பண்ணுவது பற்றிய கலிஃபோர்னியா தண்டனைச் சட்டப் பிரிவு 637.7 என்று கேட்டோம். வண்டியின் பதிவு உரிமையாளரே சம்மதித்திருந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது. உரிமையாளர் யார்? அவர்தான். தன் காரைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்று முடித்துவிட்டார்கள். கோர்ட் உத்தரவு கையில் வந்த பிறகு கதை வேறு. உத்தரவை மீறினால் பிரிவு 273.6. அதைச் சொல்லிக் கேட்டால் காது கொடுக்கிறார்கள்.

சரியான கதவு எது என்று பிறகுதான் பிடிபட்டது. 2024 செப்டம்பரில் கையெழுத்தான எஸ்.பி. 1394 என்கிற கலிஃபோர்னியா சட்டம். வண்டி சட்டப்படி தன் வசம் இருப்பதற்கான ஆதாரத்தையோ, எதிராளியின் பெயர் உள்ள குடும்ப வன்முறைத் தடையாணையையோ கொடுத்துக் கேட்டால், இரண்டு வேலை நாளில் அந்த ஆளின் தொலை அணுகலைக் கம்பெனி துண்டிக்க வேண்டும். வண்டிக்குள் இருந்தபடியே இருப்பிடம் காட்டுவதை நிறுத்தும் வசதியைப் பற்றியும் அதே சட்டம் பேசுகிறது. எங்கள் கம்பெனியில் அதற்கான ஆன்லைன் படிவம், தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் நாலு சொடுக்கு தள்ளி இருந்தது. போனில் பேசிய மூன்று பேருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே போனே வேண்டாம். எழுத்தில் போங்கள், முதல் வரியிலேயே சட்டத்தின் எண்ணைப் போடுங்கள். பதில் வரும் மின்னஞ்சல் அவர் கண்ணில் படவே படாத புதுக் கணக்காக இருக்கட்டும். பழைய ஜிமெயில் வீட்டு ஐபேடில் திறந்தே கிடந்ததை நாங்கள் மூன்றாம் நாள்தான் கவனித்தோம்.

போன் லைன் அவர் ஃபேமிலி பிளானில் இருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். 2022-இல் வந்த சேஃப் கனெக்‌ஷன்ஸ் சட்டப்படி போன் கம்பெனிக்கும் இரண்டு வேலை நாள்தான் கெடு. எங்களுக்கு அது சிக்கலில்லாமல் முடிந்தது.

கோர்ட். குடும்ப வன்முறைத் தடையாணை கேட்கும் டி.வி.-100 (DV-100) படிவம், கட்டணம் கிடையாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் ஐ.என்.டி.-300 (INT-300) படிவத்தைக் கையோடு கொடுத்துவிடுங்கள், விசாரணை அன்று கேட்டால் தேதி தள்ளிப்போகும். தற்காலிக உத்தரவு மறுநாளே கிடைத்தது. ஷெரிஃப் ஆபீஸ் காசு வாங்காமலே அவரிடம் சேர்ப்பித்தது. இதுவரை வழுக்கிக்கொண்டு போனது.

கோட்டை விட்டது எங்கே என்றால், டி.வி.-100-இல் சொத்துக் கட்டுப்பாடு என்று ஒரு பகுதி உண்டு. காரை யார் வைத்துக்கொள்வது என்று கேட்பது அங்கேதான். காயம், மிரட்டல், குழந்தை என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அந்த இடத்தில் அவசரமாக "வெள்ளை எஸ்.யூ.வி." என்று மட்டும் எழுதியிருந்தோம். வின் இல்லை, நம்பர் பிளேட் இல்லை, எதற்கு வேண்டும் என்ற காரணமும் இல்லை. நீதிபதி மற்றதெல்லாம் கொடுத்தார். கார் மட்டும் விசாரணை நாள்வரை கிடையாது என்று பெட்டியில் டிக் அடித்துவிட்டார்.

இருந்தாலும் உத்தரவில் அவர் பெயர் இருக்கிறதே என்று கம்பெனிக்கு அனுப்பினோம். இரண்டாம் நாள் பதில்: வண்டி உங்கள் வசம் என்று இதில் இல்லை, டைட்டில் வேறொருவர் பெயரில், கோரிக்கை முழுமையாக இல்லை. ஆணையில் பெயர் இருந்தாலே போதும் என்றுதான் சட்டத்தை நாங்கள் வாசிக்கிறோம். எழுதியும் பார்த்தோம். ஒரு வாரம் மின்னஞ்சல் சண்டைதான் மிச்சம். வாதத்தில் ஜெயிப்பதைவிட வாயை அடைக்கும் காகிதத்தோடு போவது சீக்கிரம் முடியும்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. இந்த முறை சொத்துப் பகுதியில் தயாரித்த ஆண்டு, மாடல், பிளேட், பதினேழு எழுத்து வின் எல்லாம் எழுதிக் கொடுத்தோம். "மற்ற உத்தரவுகள்" பகுதியில் தனியாக ஒரு கோரிக்கை: இந்த வாகனத்தின் இருப்பிடம், தொலைப் பூட்டு, டிஜிட்டல் சாவி, ஆப் கணக்கு எதையும் எதிர்மனுதாரர் தானாகவோ பிறர் மூலமாகவோ பயன்படுத்தக் கூடாது. நீதிபதி இரண்டையும் டி.வி.-130-இல், அதாவது விசாரணைக்குப் பிறகு தரும் தடையாணையில், சேர்த்துக் கொடுத்தார். எழுதிக் கேட்டதால் கிடைத்தது.

வின் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாக எது தெரிந்தாலும் அது சுழியம். இன்சூரன்ஸ் கடிதத்தைப் பார்த்து ஓ என்று அடித்ததில் ஆன்லைன் படிவம் இரண்டு முறை துப்பிவிட்டது. நல்லவேளை, கோர்ட் படிவம் கையால் எழுதியது, சுழியமும் ஓவும் ஒரே மாதிரிதான் இருந்தது. டிரைவர் பக்கம் கண்ணாடிக்கு அடியில், டாஷ்போர்டின் ஓரத்தில் இருக்கும் தகட்டைப் படமெடுத்து அதைப் பார்த்தே எழுதுங்கள்.

அனுப்பும் நாளையும் யோசியுங்கள். வெள்ளி மதியம் அனுப்பினால் இரண்டு வேலை நாள் என்பது செவ்வாய் ஆகிவிடும். எப்போது அறுபடும் என்று தெரியாமல் ஒரு வார இறுதியைக் கழிக்க வேண்டும். அறுபட்ட அந்த நிமிஷம்தான் ஆபத்து அதிகம். ஆப் திறக்கவில்லை என்றதும் அவருக்குப் புரிந்துவிடும். நாங்கள் திங்கள் காலை அனுப்பினோம். அதற்கு முன்பே அவள் தங்குமிடம் மாறியாயிற்று, குழந்தையின் பள்ளிக்கு உத்தரவின் நகல் போயாயிற்று. இந்தத் திட்டத்தை நீங்களாகப் போடாதீர்கள். பே ஏரியாவில் மைத்ரி, நாரிகா மாதிரி தெற்காசியப் பெண்களுக்கான அமைப்புகள் இருக்கின்றன. தேசிய உதவி எண் 1-800-799-7233. இவர்கள் இதைத் தினமும் செய்பவர்கள்.

துண்டிப்பதற்கு முன்னால் ஆதாரம். கார் திரையில் உள்ள பயனர் பட்டியல், இணைத்த போன்கள், டிஜிட்டல் சாவிகள், ஆப் மூலம் வண்டி திறந்ததாக வந்த அறிவிப்புகள், எல்லாவற்றையும் தேதி தெரியும்படி வேறொரு போனில் படமெடுங்கள். "ஃபேக்டரி ரீசெட் பண்ணிடலாமா அக்கா?" என்று முதல் நாளே கேட்டாள். கூடாது. ரீசெட் திரையில் உள்ளதைத்தான் அழிக்கும். கம்பெனியின் சர்வரில் வண்டி அவர் கணக்கோடு ஒட்டியே இருக்கும். ஆதாரமும் போகும், தொல்லையும் தீராது. கம்பெனி துண்டித்தது என்று எழுத்தில் வந்த பிறகு ரீசெட், அதன் பிறகு அவளுடைய புதுக் கணக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

புதன் மாலை நாலே முக்காலுக்கு மின்னஞ்சல் வந்தது. ஐந்து வாரம் இழுத்தடித்ததற்கு மூன்று வரி. அதை அச்செடுத்து உத்தரவோடு சேர்த்து வைத்தோம். வண்டிக்குள் வைக்கவில்லை, பையில்.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தீர்களா? அவரிடம் இருந்த இரண்டாவது சாவியை டீலர்தான் அழிக்க வேண்டும். உங்களிடம் உள்ள சாவிகளை எல்லாம் கொண்டுபோனால் மொத்தத்தையும் அழித்துவிட்டு, கையில் உள்ளதை மட்டும் மறுபடி பதிந்து தருவார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் ஓ.பி.டி. துளையில் இன்சூரன்ஸ் கம்பெனியின் சின்ன டாங்கிள் ஒன்று செருகியிருந்தது. பாலிசி யார் பெயரிலோ அவர் ஆப்பில் ஒவ்வொரு பயணமும் தெரியும். இணையத்தில் (கிளவுடில்) பதியும் டேஷ்கேம், சார்ஜிங் கணக்கு, சீட்டுக்கு அடியில் இருப்பிடம் காட்டும் ஏர்டேக் வில்லை, இதெல்லாம் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

எங்களைக் கவிழ்த்தது டோல். துண்டித்த மூன்றாம் நாள், இரண்டு பேருக்கும் தெரிந்த ஒருவர் அவளைக் கூப்பிட்டு, "நேத்து டம்பார்ட்டன் பாலம் தாண்டினியாமே?" என்று கேட்டார். கண்ணாடியில் ஒட்டியிருந்த டோல் டேக் அவர் கணக்கில். பாலமும் நேரமும் ஸ்டேட்மென்டில் அப்படியே வரும். டேக்கைப் பிய்த்தாலும் பயனில்லை. நம்பர் பிளேட் அதே கணக்கில் இருப்பதால் கேமரா படித்து அங்கேயே பில் போடும். பிளேட்டைக் கணக்கிலிருந்து எடுத்தாலும், பில் பதிவு உரிமையாளர் முகவரிக்குத் தபாலில் போகும். காசாகக் கொடுக்கலாம் என்றால் 2020 மார்ச்சிலிருந்து இங்கே பாலங்களில் காசு வாங்குவதே கிடையாது. விசாரணையில் ஆப்போடு சேர்த்து டோல் கணக்கையும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்றாவது ஆள் மூலம் வந்த அந்தக் கேள்வியை நாளும் நேரமும் குறித்து 273.6 புகாரில் சேர்த்தோம்.

டைட்டில் விவகாரம் விவாகரத்து வழக்கில் கிடக்கிறது. அதுவரை வேலைக்கு அவள் பாலம் ஏறுவதில்லை. 880 நெடுஞ்சாலையில் இறங்கி 237 வழியாகச் சுற்றிப் போகிறாள், டோல் பிடிக்கும் எக்ஸ்பிரஸ் லேன் பக்கமே போகாமல்.