முட்டை சேர்க்காத முதல் ஈடு

டீச்சர் போய்விட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது ஊரைவிட்டு இங்கே வந்திருக்கும் நம்மில் பாதிப் பேர் வேலையில் இருந்தோம். ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் அவர் நடத்திய கணக்கை இந்த நினைவு மலரில் வேறு யாராவது எழுதுவார்கள். டிசம்பர் மூன்றாம் வாரம், கிறிஸ்துமஸ் பலகாரம் சுடும்போது, பெரம்பூரில் அவர் வீட்டு அடுப்படியில் நடந்த பாடம் எழுத்தில் இருக்க வேண்டும்.

நம் பேட்டை உங்களுக்குத் தெரியும். ரயில்வே ஒர்க்ஷாப்பும் 1955-இல் வந்த ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையும் நாலு மொழிக்காரர்களை ஒரே தெருவில் குடிவைத்தன. சைவச் சாப்பாட்டு வீட்டுக்கும் பலகாரத் தட்டு போக வேண்டும். டீச்சரின் அச்சு முறுக்கு அந்த வீட்டை நினைத்துத்தான் தொடங்கும்.

பச்சரிசி ஒரு கிலோ. ஊறவைத்து, நிழலில் உலர்த்தி அரைத்த மாவு. சர்க்கரை 400 கிராம், இரண்டு தேங்காயின் பால், ஒரு கைப்பிடி எள், சிட்டிகை உப்பு. நீர்த்த தோசை மாவுப் பதம். அதில் பாதியை வேறு பாத்திரத்தில் ஊற்றி மூன்று முட்டை அடித்துச் சேர்ப்பார். மறு பாதிக்கு முட்டை கிடையாது. உடையாமலிருக்க இரண்டு கைப்பிடி மைதா. புது எண்ணெய் காய்ந்ததும் முதலில் முட்டையில்லாத ஈடுதான். முட்டை மாவு தொட்ட அச்சு ஒரு தடவை எண்ணெயில் இறங்கிவிட்டால், அதற்குப் பின் சுடுவது எதுவும் அந்த வீட்டுக்குப் போகாது. அவர்கள் கேட்கப்போவதில்லை, சொல்லாவிட்டால் தெரியவும் தெரியாது. தெரியாது என்பதற்காகவே கூடாது என்பார்.

அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும். காயாத அச்சில் மாவு பிடிக்காமல் வழுக்கும். அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தால் தோய்த்ததுமே சுர்ரென்று கிண்ணத்திலேயே கழன்றுவிடும். முக்கால் உயரம்தான் தோய்க்கலாம். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் அச்சைக் கவ்விக்கொள்ளும், கம்பியால் தள்ளினாலும் பூ முழுசாக வராது.

தட்டு போகும் வரிசையையும் அவர்தான் சொல்வார். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்கு முதல் தட்டு, எந்த மதமானாலும். அங்கே பலகாரத்துக்குச் சட்டி வைக்க மாட்டார்கள். வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பக் கூடாது. செருப்பைக் கழற்றி உள்ளே போய், அவர்களாகப் பேசும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். "அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள்" என்ற எபிரெயர் 13:2-ஐ நமக்கு மனப்பாடம் செய்வித்தவர், அதற்கு விளக்கம் சொன்னதில்லை. தட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார், அவ்வளவுதான்.

இந்த வருஷம் முதல் தட்டு அவர் வீட்டுக்கே போக வேண்டும். கூரியரில் அனுப்பினால் அச்சு முறுக்கு பொடியாகத்தான் போய்ச் சேரும். உட்கார்ந்திருக்க நாம் அங்கே இல்லை. ஊரிலிருப்பவர்கள் 24-ஆம் தேதி சாயங்காலமே போங்கள். டீச்சரின் அக்கா தனியாக இருக்கிறார், அவருக்குச் சர்க்கரை உண்டு. பாதிச் சர்க்கரை போட்டு ஒரு ஈடு தனியாகச் சுடுங்கள். அது நிறம் ஏறாது; சிவக்கட்டும் என்று காத்திருக்காமல், வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.