300 அடிப் பாதையும் 40 யூனிட்டும்

கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே, தார்ச் சாலையிலிருந்து சரியாக 300 அடி உள்ளே தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. வருடத்தில் எட்டு மாதங்கள் அந்த 300 அடி எந்தத் தொந்தரவும் தராது. ஐப்பசி பிறந்து இரண்டு மழை விழுந்துவிட்டால் கதை மாறிவிடும். கரிசல் மண் சைக்கிள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவே விடாது. பத்தடிக்கு ஒருமுறை நின்று குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும். எரிவாயு சிலிண்டர் கொண்டுவரும் ஆட்டோ தார்ச் சாலையிலேயே நின்றுவிடும். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தால், வீட்டு வாசலை அடையும்போது அது மண் பூசிய உரல் போல இருக்கும்.

2014ஆம் ஆண்டு வீடு கட்டி முடித்த கையோடு, எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். மேற்கே செம்மண் நிலமான செவக்காட்டுப் பக்கத்திலிருந்து, சரளைக்கல் கலந்த செம்மண்ணான கிராவல் ஆறு டிப்பர் வரவழைத்து, புல்லைக்கூடச் செதுக்காமல் அப்படியே கொட்டி, ஜேசிபியால் நிரவிவிட்டோம். அன்று மாலை செக்கச்செவேல் என்று கிடந்த பாதையைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவது கார்த்திகையில் பழைய சேறுதான். மழை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நாங்களும், தரமில்லாத மண்ணைக் கொடுத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தாரும் பல வருடங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டுமே தவறு என்பது சென்ற ஆண்டு ஆவணியில் பாதையைத் தோண்டியபோதுதான் தெரிந்தது. ஜேசிபியின் பின் பக்கெட் ஓரத்தை நேர்வெட்டாக வெட்டியதும், மேலே முக்கால் அடிக்குக் கறுப்பு, அதன் கீழே நான்கு விரல் கனத்துக்குக் கருஞ்சிவப்புப் பட்டை, அதற்கும் கீழே மறுபடி கறுப்பு என்று அடுக்காகத் தெரிந்தது. இறங்கி அந்தப் பட்டையைக் கையால் பெயர்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு சரளைக்கல்லையும் களிமண் தனித்தனியாகப் பொதிந்து வைத்திருந்தது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆறு டிப்பரும் எங்கேயும் போகவில்லை. கரிசல் அதை விழுங்கி வயிற்றுக்குள் வைத்திருந்தது.

கரிசலின் குணம் அது. தண்ணீரைக் குடித்து உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரையில் என் முழங்கை வரை உள்ளே போகும் வெடிப்புகளை இதே பாதையில் பார்த்திருக்கிறேன். மேலே கொட்டிய கல் கோடையில் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கும். மழையில் கீழிருக்கும் களி கூழாகி, வண்டிப் பாரம் அழுத்த அழுத்தக் கற்களின் இடுக்கு வழியே மேலே பிதுங்கும். ஆண்டுதோறும் இந்த ஏற்ற இறக்கம் நடந்தால் எந்தக் கல்லும் மேலே நிற்காது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் சாலை போட்ட ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்காடம் இதைத்தான் வேறு விதமாகச் சொன்னார். 1816இல் பிரிஸ்டல் சுற்றுவட்டாரச் சுங்கச் சாலைகளுக்குப் பொறுப்பேற்ற அவர், பாரத்தை உண்மையில் தாங்குவது அடியில் இருக்கும் இயற்கை மண்ணே என்றும், அதை நனையாமல் காப்பதுதான் மேலே போடும் கல்லின் வேலை என்றும் வாதிட்டார். அவர் காலத்துத் தாமஸ் டெல்ஃபோர்டு அடியில் பெரிய கற்களை அடுக்கிச் சாலை போட்டவர். மெக்காடமோ சிறு கல்லும் உயர்த்திய மேடும் வடிகாலும் போதும் என்றார். கணக்கு டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, செலவு குறைந்தவர் பக்கம் சாய்வதில் தயக்கம் இல்லை.

ஊரில் தார்ச் சாலை வேலைகளில் முப்பது வருடம் இருந்த மேஸ்திரி ஒருவர்தான் திட்டத்தை வகுத்துக் கொடுத்தார். முக்கால் அடி தோண்டி மேல்மண்ணை அப்புறப்படுத்த வேண்டும். கரிசல் மேல் நேராகக் கல்லைப் போடாமல் முதலில் மூன்று அங்குலத்துக்குக் கிரஷர் டஸ்ட், அதாவது கல் உடைக்கும் ஆலையில் மிஞ்சும் கல்தூள், விரிக்க வேண்டும். அதன் மேல் ஆறு அங்குலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி. கடைசியாக மூன்று அங்குலம் கிராவல். களி மேலே ஏறிவராமல் தடுக்கும் சல்லடைதான் அந்த டஸ்ட் படுகை என்றார். பழைய உரச்சாக்குகளைப் பிரித்து விரித்தால் போதாதா என்று என் கணவர் கேட்டதற்கு, "சாக்கு ரெண்டு வருசத்துல மக்கியும் மக்காமலும் கிழிஞ்சு வெளிய வரும் சார், அப்புறம் அதைப் பொறுக்குறதுதான் உங்களுக்கு வேலை" என்று முடித்துவிட்டார்.

கல்லும் மண்ணும் விற்கும் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. பாதையின் அகலம் 10 அடி, நீளம் 300 அடி, ஆகப் பரப்பு 3,000 சதுர அடி. மூன்று அங்குலம் என்பது கால் அடி. பெருக்கினால் 750 கன அடி, ஏழரை யூனிட் என்று வரும். இங்கேதான் எல்லோரும் இடறுகிறார்கள். உதிரியாகக் கொட்டும் கல் ரோலர் ஏறியதும் அமுங்கும். நான்கு அங்குலத்துக்குக் கொட்டினால்தான் மூன்று அங்குலம் நிற்கும். ஆகவே ஏழரை யூனிட் அல்ல, 10 யூனிட் வேண்டும். அதே கணக்கில் ஜல்லி 20, கிராவல் 10, டஸ்ட் 10, மொத்தம் 40 யூனிட். முடிவில் பன்னிரண்டு அங்குலக் கனம். ஒன்பது அங்குலம் தோண்டிய பள்ளம் போக, பாதை நிலத்தைவிட மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கும்.

ஜல்லியில் ஒன்றரை என்று நாம் சொல்வதுதான் 40 மில்லிமீட்டர் ஜல்லி. கான்கிரீட்டுக்கு வாங்குவது முக்கால், அதாவது 20 மில்லிமீட்டர். அடிப்படுகைக்குப் பெரியதுதான் பொருத்தம். ஆற்றுக் கூழாங்கல் பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதைக்கு ஆகாது. உருண்டைக் கல் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே இருக்கும். கிரஷரில் உடைபட்ட கல்லுக்கு முனைகள் இருப்பதால் ஒன்றோடொன்று பல் கடித்தாற்போல் பிடித்துக்கொள்ளும். கிராவலுக்கு மேஸ்திரி ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்து இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும். உடைத்தால் உள்ளே கல் மணி நறநறவென்று விரலில் தட்டுப்பட வேண்டும். முறுக்குப் பிழிவது போல உள்ளங்கையில் திரிக்க முடிந்தால் அதில் களி அதிகம், மழையில் வழுக்கும். நிற்காமல் உதிர்ந்தால் பிடிப்பு இல்லை, கோடையில் புழுதியாகப் பறக்கும். இரண்டு இடங்களில் பார்த்து வேண்டாம் என்றுவிட்டு, மூன்றாவது இடத்தில்தான் மனதுக்குப் பிடித்தது.

முதல் ஜல்லி டிப்பர் வந்த காலையில், வழக்கமாக எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியை நானும் கேட்டேன்: நடைச்சீட்டு இருக்கிறதா? கல்லை ஏற்றிவரச் சுரங்கத் துறை தரும் அனுமதிதான் நடைச்சீட்டு; அது இல்லாமல் வரும் லோடை வாங்கினால் நாளை வண்டி பிடிபடும்போது நம் பெயரும் அதில் சேரும். சீட்டு சரியாக இருந்தது. அடுத்து, டேப்பை எடுத்துக்கொண்டு டிப்பர் மேல் ஏறினேன். அறுபது வயதுப் பெண்மணி சக்கரத்தில் கால் வைத்து ஏறுவதை ஓட்டுநர் எதிர்பார்க்கவில்லை. தொட்டியின் உள்நீளம் 14 அடி, உள்ளகலம் 7 அடி, உயரம் 3 அடி. பெருக்கினால் 294, மூன்று யூனிட் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கல் விளிம்புக்கு அரையடி கீழே கிடந்தது. அப்படியானால் 245 கன அடி. இரண்டரை யூனிட்டுக்கும் ஒரு மயிரிழை குறைவு.

"குவாரியில ஏத்துறப்ப தலைதட்டித்தான் இருந்துச்சு டீச்சர், வர்ற வழியில குலுங்கி இறங்கிருச்சு" என்றார் ஓட்டுநர். குலுங்கி இறங்கும் என்பது உண்மை. ஆனால் மூன்றடி உயரத்தில் அரையடி இறங்க, வண்டி டெல்லியிலிருந்து வந்திருக்க வேண்டும். நான் குரலை உயர்த்தவில்லை. அவர் கண் முன்னாலேயே நோட்டில் 2.45 என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் யாருக்கோ கைபேசியில் பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நடையிலிருந்து கல் விளிம்பைத் தாண்டிக் குவித்தே வந்தது. இப்போது பல இடங்களில் எடைமேடையில் நிறுத்தி டன் கணக்கில் விற்கிறார்கள். அதில் இந்தத் தகராறு இல்லை. ஆனால் மழை பெய்த மறுநாள் டஸ்ட் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்க நேரும்.

கொட்டுவதிலும் ஒரு கலை இருக்கிறது. இரண்டாவது ஓட்டுநர், சின்னப் பையன்தான், பின்கதவு அரையடி மட்டும் திறக்கும்படி சங்கிலியை மாட்டி, தொட்டியைத் தூக்கியபடியே முதல் கியரில் ஊர்ந்து போனார். கல் நாற்பதடி நீளத்துக்குப் பாய் விரித்தாற்போல் விழுந்தது. முதல் ஓட்டுநரோ ஒரே இடத்தில் கோபுரமாகக் குவித்துவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு குவியலை இழுத்து நிரவ ஜேசிபிக்கு முக்கால் மணி நேரம் ஆனது, அது என் கணக்கில்தான் ஏறியது. பாதையின் நடுவே மின்கம்பி குறுக்கே போகும் இடத்தில், இரு பக்கமும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டி, அங்கே தொட்டியைத் தூக்கவே கூடாது என்று ஒவ்வொரு ஓட்டுநரிடமும் தனியாகச் சொன்னேன். தூக்கிய டிப்பர் கம்பியைத் தொட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் பத்தாவது நடையில் அலுப்பில் மறந்துவிடுவார்கள்.

எங்கள் அதிர்ஷ்டம், பக்கத்து ஊரில் சாலை வேலை முடிந்து ஒரு ரோலர் சும்மா நின்றது. மணி வாடகைக்குப் பேசி இரண்டு நாள் ஓட்டினோம். ஜல்லியை ஒரேயடியாக எட்டு அங்குலம் போடாமல், நான்கு நான்காக இரண்டு தடவை போட்டு, ஒவ்வொரு தடவையும் ஓரத்திலிருந்து நடுவுக்கு உருட்டினோம். நடுவில் தொடங்கினால் கல் ஓரங்களுக்கு ஒதுங்கிப் பாதை அகன்று தட்டையாகிவிடும். கடைசியில் கிராவலை விரித்து, டேங்கர் தண்ணீரைப் பீய்ச்சி, அது ஜல்லி இடுக்குகளுக்குள் கரைந்து இறங்க இறங்க மறுபடி உருட்டினோம். நடு, ஓரத்தைவிட இரண்டு அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பதால், நூல் கட்டி, ரசமட்டம் வைத்து இருபதடிக்கு ஒரு முறை பார்த்தேன்.

தண்ணீருக்கு வழி விடுவதில்தான் மேஸ்திரி எங்கள் எல்லோரையும்விடப் பிடிவாதமாக இருந்தார். களிமண்ணில் முக்கால் அடி தோண்டிக் கல்லை நிரப்பினால், அது ஒரு தொட்டிதான். மேலிருந்து கசியும் நீர் போக இடமில்லாமல் அடியில் தேங்கி, பழைய கதையே திரும்பும். ஆகவே பள்ளத்தின் அடித்தளத்தையே நடுவில் மேடாகச் சீவி, இரு பக்கமும் ஒன்றேகால் அடி ஆழத்துக்கு வாறுகால், அதாவது தண்ணீர் ஓடும் சிறு கால்வாய், எடுத்து, ஐம்பதடிக்கு ஒன்றாக அடித்தளத்திலிருந்து வாறுகாலுக்குக் கிளை வெட்டி ஜல்லியால் நிரப்பச் செய்தார். தார்ச் சாலை ஓரத்து வடிகாலைப் பாதை கடக்கும் இடத்தில் ஊராட்சியில் சொல்லிவிட்டு ஓரடி விட்டச் சிமெண்ட் குழாய் பதித்தோம். கல் வாங்கியதைவிட இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலைக்குத்தான் அதிக நாள் பிடித்தது; பார்க்க வந்தவர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐப்பசி மூன்றாம் வாரம் இரவு முழுக்க மழை. விடிந்ததும் குடையோடு போய்ப் பார்த்தேன். வாறுகாலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாதையில் செருப்பு ஒட்டவில்லை. வேப்பமரத்தடியில் மட்டும் ஒரு தாம்பாளம் அளவுக்குக் குழி விழுந்து நீர் தேங்கியிருந்தது. அங்கே வேருக்குப் பயந்து ஆழமாகத் தோண்டாமல் விட்டிருந்தோம். அவசரப்பட்டு அதில் கல்லை அள்ளிப் போட்டால் வண்டி ஏறியதும் தெறித்துவிடும். தண்ணீரை வடித்து, ஓரங்களை மம்பட்டியால் நேராக வெட்டி, ஈரக் கிராவலை இரண்டு தடவையாகப் போட்டுத் திம்சுக்கட்டையால் இடித்தோம். இதுவரை நிற்கிறது.

அதற்காகவே இரண்டு யூனிட் கிராவலை மிச்சம் வாங்கி, கிணற்றுப் பக்கம் குவித்து வைத்திருக்கிறோம். எதிர்வீட்டு வெள்ளாடுகளுக்கு அந்தக் குவியல் மேல் ஏறி நிற்பதில் அப்படி ஒரு பிரியம். வாரத்துக்கு ஒருமுறை அது கால்வாசி சரிந்து கிடக்க, மம்பட்டியோடு போய் ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன்.