குக்ரி: ஒரு டிசம்பர் நாட்குறிப்பு

டிசம்பர் 5
தியூவில் ஏறிப் பார்க்கக் கிடைக்கிற குக்ரி போர்க்கப்பல் வேறு, 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் மூழ்கிய குக்ரி வேறு. பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பார்வைக்கு இருப்பது 1989இல் பணியில் சேர்ந்து 2021 டிசம்பரில் ஓய்வுபெற்ற ஏவுகணைக் கார்வெட், அதாவது சிறிய போர்க்கப்பல். மூத்த குக்ரி அரபிக்கடலின் அடியில் கிடக்கிறது. சக்ரதீர்த்தக் கடற்கரை மேட்டில் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் மாதிரிக் கப்பல் அதன் நினைவுச்சின்னம்.

டிசம்பர் 6
மூத்தது 1950களில் இங்கிலாந்தின் கௌஸில் கட்டிய பிளாக்வுட் ரக ஃபிரிகேட், காவல் போகும் போர்க்கப்பல். சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போய் நீர்மூழ்கிகளை விரட்டத்தான் இந்த ரகத்தையே மலிவாக வடிவமைத்தார்கள். நீளம் 94 மீட்டர், புரொப்பல்லர் ஒன்றே ஒன்று. நீர்மூழ்கியைத் தாக்க மும்மூன்று குழல்களுடன் இரண்டு லிம்போக்கள், அதாவது குண்டு வீசும் பீரங்கிகள். அவற்றின் குண்டு சுமார் 900 மீட்டர்தான் எட்டும். ஆகவே எதிரியை முதலில் சோனாரில், அதாவது நீருக்குள் ஒலியால் தேடும் கருவியில், பிடிக்க வேண்டும், பிறகு அவ்வளவு கிட்டே நெருங்கவும் வேண்டும்.

டிசம்பர் 7
பிடிப்பதுதான் பெரும்பாடு. மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்ந்த நீர் என்றிருந்தால் ஒலி கீழ்நோக்கி வளைந்துவிடும். தொலைவில் இருப்பது அகப்படாது. வேகம் கூட்டினால் கப்பலின் சொந்த இரைச்சலே சோனாரின் காதை அடைத்துவிடும். 1971இல் குக்ரியில் சோனாரின் எட்டும் தூரத்தைக் கூட்டும் கருவி ஒன்று சோதனையில் இருந்தது. அதற்கும் மெதுவாகப் போக வேண்டும். 27 நாட் (மணிக்கு 27 கடல் மைல்) ஓடக்கூடிய கப்பல் 12 நாட் அளவில் ஊர்ந்தது. டார்பிடோ என்ற நீரடி ஏவுகுண்டால் குறிவைப்பவனுக்கு அதைவிட வசதி வேறில்லை.

டிசம்பர் 8
1971இல் இதே நாளில் பம்பாயிலிருந்து நீர்மூழ்கி வேட்டைக்குக் குக்ரியும் அதே ரகக் கப்பலான கிர்பானும் புறப்பட்டன. உடன்பிறப்பான குட்டார் கொதிகலன் அறை வெடிப்பால் போகவில்லை. எதிரே பாகிஸ்தானின் நீர்மூழ்கி ஹங்கோர்: பிரான்ஸில் கட்டிய புதிய டாஃப்னே ரகம், சோனாரும் தொலைவு எட்டும். என்னைக் கேட்டால், வேட்டைக்குப் போன கப்பல்தான் அன்று இரை.

டிசம்பர் 9
தியூவுக்குத் தென்மேற்கே, இரவு. கிர்பானைக் குறிவைத்து ஹங்கோர் விட்ட முதல் டார்பிடோ கப்பலின் அடியில் போயும் வெடிக்கவில்லை. இரண்டாவது குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் போய்விட்டது. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் ஏறி வரவே நேரமில்லை. கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். போர்வீர விருதான மகாவீர் சக்கரம் பின்னர் வந்தது. இறந்தவர்கள் அவரையும் சேர்த்து 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். அவரைச் சொல்லும்போதெல்லாம் அந்த 176 பேரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டிசம்பர் 10
மறுநாள் கடலிலிருந்து மீட்கப்பட்டவர்கள் 67 பேர்.