திங்கட்கிழமை வயிற்றுவலி

கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டுவரை 220. இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 அல்லது 22 நாள் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் விட்டாலே கவலைப்பட வேண்டும். மாதத்துக்கு இரண்டு நாள்தான் என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. சி.பி.எஸ்.இ. கேட்கும் 75 சதவீதம் தேர்வு எழுதுவதற்கான எல்லை. அதுவரை காத்திருந்தால் பிள்ளை பாடத்தில் வெகுதூரம் பின்தங்கிவிடும்.

சளிக்கு வரும் பிள்ளையிடமும் எடை பார்த்த கையோடு "போன மாசம் எத்தனை நாள் லீவு?" என்று மருத்துவர் கேட்டு, சீட்டில் எழுத வேண்டும். "அடிக்கடி லீவு போடுவானா?" என்றால் "இல்ல டாக்டர்" என்பார்கள். எத்தனை நாள் என்றால்தான் அம்மா விரல்விட்டு எண்ணுவார். எந்தக் கிழமை என்பதையும் கேளுங்கள்.

காலை ஏழு மணிக்குத் தொப்புளைச் சுற்றி வலி, பத்து மணிக்குள் சரி, ஞாயிறு வலியே இல்லை என்றால் பிள்ளை நடிக்கிறது என்று அர்த்தமில்லை. வலி உண்மை. எடை குறைவது, தூக்கத்தில் எழுப்பும் வலி, மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல் இருந்தால் கட்டாயம் பரிசோதனை வேண்டும். எதுவும் இல்லையென்றால் ஸ்கேன்மேல் ஸ்கேன் எடுப்பது பயத்தைத்தான் வளர்க்கும். தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே வீடு திரும்புகிறதா என்று பாருங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைத் தவிர்த்து, மலத்தையும் அடக்கி, மலச்சிக்கலில் வலிக்கும் பிள்ளைகள் நிறைய.

ராத்திரி இருமலும் லீவுக்கு ஒரு காரணம். தூக்கம் கெட்டு, காலையில் எழ முடியாது. ஆஸ்துமாவுக்கு தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலரை, இருமல் நின்றதும் வீட்டார் தாங்களாகவே நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலும் சிக்கல்.

"ஒரு வாரம் ஓய்வு" என்று சான்றிதழ் தருவது சுலபம். திரும்பிப் போக வேண்டிய தேதியை எழுதுவதுதான் வைத்தியம். சாதாரணக் காய்ச்சல் என்றால் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்தால் போகலாம். சின்னம்மைக்குக் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை. பேனுக்கு லீவே வேண்டாம்.

பயத்தால் வாரக்கணக்கில் நின்ற பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். அடியோ கேலியோ காரணமென்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும். பள்ளி கேட்கவில்லையென்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. பிறகு முதல் இரண்டு நாள் இரண்டே பீரியட், பிடித்த டீச்சர் வாசலில் வந்து கூட்டிப்போகட்டும், அடுத்து மதியச் சாப்பாடுவரை. வீட்டில் இருக்கும் மிச்ச நேரத்தில், பள்ளி விடும்வரை டி.வி., போன் கிடையாது.