ஹீலியோஸும் மொட்டைமாடிப் பூக்களும்: பங்குனி முதல் ஆடி வரை

பங்குனி

மூன்று வருடமாகப் பூக்களைப் படமெடுக்கிறேன். எல்லாம் தெளிவாக இருக்கும், இதழின் நரம்பு வரை எண்ணலாம். ஆனால் விதைப் பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் படத்துக்கும் என் படத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. விடிகாலையில் மாடிக்கு ஏறியதும் கண்ணில் படுகிற செம்பருத்தி அப்படி இருப்பதில்லை. முதலில் ஒரு சிவப்பு தெரியும், கொஞ்சம் கழித்துத்தான் பூ தெரியும். அந்த முதல் கணத்தைப் படத்தில் கொண்டுவர முடியுமா என்று பார்க்கத்தான் இந்த லென்ஸை வாங்கினேன்.

ஹீலியோஸ் 44-2. குவியத்தூரம் 58 மி.மீ., அப்பர்ச்சர் (ஒளி நுழையும் வாய்) எஃப் 2; எஃப் எண் சிறிதானால் வாய் பெரிது. சோவியத் காலத்து ஜெனிட் கேமராக்களோடு சேர்ந்து வந்த லென்ஸ். ஏராளமாகச் செய்தார்கள், அதனால் இன்றைக்கும் கையைக் கடிக்காத விலைக்குப் பழசு கிடைக்கிறது. ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டார் 58 மி.மீ. லென்ஸின் வடிவமைப்பை ஒட்டிச் செய்தது: நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். என்னிடம் வந்ததன் வரிசை எண் 78 என்று தொடங்குகிறது. இந்த லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த ஆண்டுதான். ஃபோகஸ் வளையம் உள்ளே கிரீஸ் இறுகிப்போய் மெதுவாகத்தான் திரும்புகிறது. பூவுக்கு அதுவே வசதி என்று பிறகு தெரிந்தது.

லென்ஸைக் கேமராவில் மாட்டும் அமைப்பை மவுன்ட் என்பார்கள்; இது எம்42 என்கிற திருகு மவுன்ட். லென்ஸ், படம் பதியும் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். என் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவில் அந்த இடைவெளி 18 மி.மீ.தான், மீதியை ஒரு வெற்று உலோக வளையம் நிரப்பிவிடுகிறது. அடாப்டர் என்றால் அவ்வளவுதான், உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. மாட்டியதும் ஷட்டர் அமுங்கவே இல்லை. மின்தொடர்பு இல்லாததால், லென்ஸே இல்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. 'லென்ஸ் இல்லாமலும் இயங்கு' என்ற அமைப்பை மெனுவில் தேடித் திறந்துவிட வேண்டும்.

பூவைச் சுற்றிப் பின்னணி சுழல்வது போலத் தெரிவதுதான் இந்த லென்ஸின் பேர்போன குணம். முதல் ஞாயிறு எடுத்த 140 படங்களில் ஒன்றில்கூட அந்தச் சுழல் இல்லை. காரணம் பிறகுதான் பிடிபட்டது. 44-2-இல் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்று எல்லையைக் குறிக்கிறது, மற்றொன்று அந்த எல்லைவரை திறந்து மூடுகிறது. நான் முதல் வளையத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தேன், வாய் முழுதாகத் திறக்கவே இல்லை. இப்போது முதல் வளையத்தை 16-இல் நிறுத்திவிடுகிறேன், இரண்டாவதைத் திருப்பினால் எஃப் 2-இலிருந்து 16 வரை தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

இன்னொன்று வெயில். எங்கள் பாளையங்கோட்டை வெயிலில் எஃப் 2 நடக்காது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100-இல் நல்ல வெயிலுக்கு எஃப் 16, 1/100 நொடி என்பது பழைய கணக்கு. எஃப் 2 அதைவிட ஆறு ஸ்டாப் திறந்தது, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி இரட்டிப்பாகும், அப்படியென்றால் 1/6400 நொடி வேண்டும். என் கேமரா 1/4000-உடன் நின்றுவிடும். ஆகவே ஆறே காலிலிருந்து ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும். அம்மா சாமிக்குப் பூப் பறிக்கிற நேரமும் அதுதான். "ரெண்டு பூ ஒனக்கு விட்டுருக்கேன், சீக்கிரம் எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

சித்திரை

இந்த மாதம் முழுக்கச் சுழல்தான்.

ஃபோகஸுக்கு வெளியே உள்ள ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் படத்தில் வட்டமாக விரிகிறது. நடுவில் அது முழு வட்டம். ஓரத்துக்குப் போகப் போக, சாய்வாக நுழையும் ஒளியில் ஒரு பங்கை லென்ஸின் குழலே மறைத்துவிடுவதால், வட்டம் ஒடுங்கிப் பாதாம் பருப்பு மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பாதாம்கள் எல்லாம் நடுவைச் சுற்றி வளைந்து நிற்பதால் பின்னணி சுழல்வது போலத் தெரிகிறது. எஃப் 4-க்கு மூடினால் மறைப்பு போய்விடும், சுழலும் போய்விடும். என் கேமராவின் சென்சார் சிறியது, ஓரங்களை வெட்டிவிடுகிறது. அதனால் எனக்குக் கிடைப்பது பாதிச் சுழல்தான். இருப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பின்னணியில் ஒளிப்புள்ளிகள் இருந்தால்தான் சுழலுவதற்கு ஏதாவது இருக்கும். தென்னங்கீற்றைப் பின்னால் வைத்துப் பார்த்தேன், கோடுகள் இரட்டை இரட்டையாகப் பிரிந்து கண்ணைக் குத்தின. வெறும் சுவர் என்றால் ஒன்றுமே இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு முருங்கைதான் கைகொடுத்தது. சின்னச் சின்ன இலை, இடையிடையே வானம், மாடிச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தூரம். சுழலுக்கென்றே வளர்த்த மரம் போல இருந்தது.

அப்புறம் தூரம். இந்த லென்ஸ் அரை மீட்டர் வரை நெருங்கும். அவ்வளவு நெருங்கினால் செம்பருத்தி கட்டம் முழுக்க நிறையும், ஆனால் முருங்கை கரைந்து வெறும் பச்சைச் சாயமாகிவிடும். சுழல் காணாமல் போகும். ஒரு மீட்டர் பின்வாங்கினால் வட்டங்கள் தனித்தனியாக எழுந்து சுழல ஆரம்பிக்கும், ஆனால் பூ சிறுத்துவிடும். அதனால் ஒற்றைப் பூவுக்குச் சுழல் பொருந்தாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். நந்தியாவட்டைக் கொத்து, கனகாம்பரச் செடி மாதிரி கூட்டமாக இருப்பவற்றுக்குப் பிரமாதம். கொத்தை நடுவில் வைத்தால் மரமே அதைச் சுற்றி வருவது போல இருக்கிறது.

சிவப்பு செம்பருத்தி எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கேமரா திரையில் ஒளியின் அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும், இதழின் மடிப்பெல்லாம் ஒரே சிவப்புத் தகடாகிவிடும். நான் ஒரு ஸ்டாப் குறைத்தே எடுக்கிறேன்.

வைகாசி

வாஸ்லின் மாதம். லென்ஸின் கண்ணாடியில் ஒருபோதும் தடவக்கூடாது. 49 மி.மீ. யுவி ஃபில்டர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினேன். நடுவில் பழைய நாலணா அளவுக்குச் சுத்தமாக விட்டுச் சுற்றிலும் மெல்லியதாகத் தடவினேன்.

நடு தெளிவாகவும் ஓரம் கலங்கலாகவும் வரும் என்று எதிர்பார்த்தேன். எஃப் 2-இல் முழுப் படமும் ஆவி பிடித்த மாதிரி வந்தது. கணக்குப் போட்டதும் விளங்கியது. எஃப் 2-இல் ஒளி நுழையும் வாய் 29 மி.மீ. அகலம், நாலணா ஓட்டை 19 மி.மீ.தான். பூவின் ஒளியும் பாதி வாஸ்லின் வழியாகத்தான் வருகிறது. எஃப் 4-க்கு மூடினால் வாய் 14.5 மி.மீ. ஆகி ஓட்டைக்குள் அடங்கிவிடுகிறது, பூவின் நடு துலங்குகிறது. இப்போது எஃப் 2.8-க்கும் 4-க்கும் இடையில் வளையத்தை மெல்லத் திருப்பி வேண்டிய அளவு ஆவியைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன்.

தடவும் திசைக்கும் விளைவு உண்டு. விரல் போன கோட்டுக்குக் குறுக்காகத்தான் ஒளி இழுபடுகிறது. வட்டம் வட்டமாகத் தடவினால் ஒளி நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீளும். வெள்ளை நந்தியாவட்டைக்கு அப்படித் தடவியபோது இதழ்கள் தங்கள் எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போவது போல இருந்தது. இந்த ஐந்து மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த மூன்று படங்களில் அது ஒன்று.

கண்ணாடி வளையலையும் முயன்றேன். பச்சை வளையல் ஒன்றை லென்ஸின் வாயருகே பிடித்துப் பக்கவாட்டு வெயில் அதில் படும்படி திருப்பினால், படத்தின் ஓரத்தில் பச்சையாக ஒரு வில் வருகிறது, நடுநடுவே தங்கப் பொட்டுகள். அழகுதான். ஆனால் பத்துப் படத்துக்குப் பிறகு எல்லாமே வளையலின் படங்களாகத் தெரிந்தன. லென்ஸைக் கழற்றிக் கையில் சாய்த்துப் பிடித்து எடுக்கும் முறையை ஒரு நாள் மட்டும் செய்தேன். சாய்ப்பதால் தெளிவின் தளமும் சாய்கிறது, காம்பிலிருந்து பூ வரை ஒரு கோடு மட்டும் துலங்கும். ஆனால் மாடிக் காற்றில் சென்சாரில் மூன்று தூசி. ஊதுபந்தால் அடித்து எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதோடு நிறுத்திவிட்டேன்.

ஆனி

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே 10 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டினேன்; லென்ஸைத் தள்ளி வைத்து இன்னும் நெருங்கி எடுக்க உதவும் வெற்றுக் குழாய். சங்குப்பூ கட்டத்தை நிறைத்தது. எஃப் 2-இல், டியூப் இல்லாமல் அரை மீட்டரில் தெளிவின் ஆழம் 4 மி.மீ. இருந்தால், டியூபோடு ஒரு மி.மீ.தான். மூச்சு விட்டால் ஃபோகஸ் போய்விடும். இறுகிய வளையம் உதவியது இங்கேதான். வளையத்தைத் திருப்பாமல் உடலை முன்னும் பின்னும் சாய்த்து, திரையைப் பெரிதாக்கிப் பார்த்து அமுக்குகிறேன்.

இந்த ஒரு மில்லிமீட்டரை எங்கே வைப்பது? வாரம் முழுக்க இதுதான் கேள்வி. இதழின் விளிம்பில் வைத்தேன், அழகான நீலக் கோடு ஒன்று கிடைத்தது. மடிப்பில் வைத்தேன். எதிலும் நிறைவு வரவில்லை, எல்லாம் நீலத் துணியின் படம் போல இருந்தன.

அம்மாவிடம் கணினியில் காட்டினேன். "கண்ணாடியக் கழட்டிட்டா எனக்கு எல்லாப் பூவும் இப்படித்தான் தெரியும்" என்றார்.

"அப்போ எப்படிம்மா பறிக்கீங்க?"

"நெறத்த வச்சிதான். சங்குப்பூன்னா நடுவுல அந்த வெள்ள இருக்கும்லா."

அடுத்த நாள் காலை அந்த வெள்ளையின் மேல் ஃபோகஸை வைத்தேன். அதைச் சுற்றி நீலம் எப்படி வேண்டுமானாலும் கரையட்டும் என்று விட்டேன். முதல் முறையாகக் கலங்கலும் பூவும் ஒன்றாக இருந்தன. அதிலிருந்து ஒவ்வொரு பூவுக்கும் முன்னால் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன், கடைசியாக எது கண்ணில் தங்குகிறதோ அதைத்தான் தெளிவாக வைக்கிறேன். செம்பருத்திக்கு இதழை விட்டு வெளியே நீண்டு நிற்கும் தண்டின் நுனியிலுள்ள ஐந்து சிவப்புப் பொட்டுகள். கனகாம்பரத்துக்கு எதுவுமே தங்கவில்லை, நிறம் மட்டும்தான். அதை முழுக்க ஃபோகஸுக்கு வெளியே விட்டே எடுத்தேன், பூ எதுவென்று அம்மா உடனே சொல்லிவிட்டார்.

எடுத்த படத்தைக் கண்ணாடி இல்லாமல் அம்மாவிடம் காட்டி "என்ன பூ?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சித்திரையில் எடுத்த சுழல் படங்களில் பாதி இதில் தேறவில்லை. வளையல் படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை.

ஆடி

தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்தது. இரண்டு ஞாயிறு போனேன். முற்றிய சூரியகாந்தி கிழக்கைப் பார்த்தே நிற்கும், மாலையில் மேற்கிலிருந்து போனால் முதுகைத்தான் பார்க்கலாம். காலையிலேயே போய்விட வேண்டும். வரப்பில் நின்றே எடுத்தேன், வயலுக்குள் இறங்கினால் செடி சாயும்.

முதல் ஞாயிறு காற்றோடு சண்டை. சாரல் மேகம், ஓயாத காற்று, ஒரு பூவும் ஒரு நொடி நிற்கவில்லை. ஷட்டரை 1/1000-க்கு ஏற்றி எல்லாவற்றையும் நிறுத்தி எடுத்து வந்தேன். பார்த்தால் காற்றே இல்லாத வயல். அன்று அங்கே இருந்தது காற்று மட்டும்தான், படத்தில் அதுதான் இல்லை.

இரண்டாம் ஞாயிறு ட்ரைபாட் கொண்டுபோனேன். ஒளியை மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி8 ஃபில்டர், எஃப் 11, ஐஎஸ்ஓ 100. மேகத்தின் கீழ் 1/4 முதல் 1/3 நொடி கிடைத்தது. கேமரா அசையாது, பூக்கள் அசையட்டும். முதல் இருபது படங்கள் மஞ்சள் தீற்றல்தான். பிறகு காற்றைக் கவனித்துக்கொண்டே நின்றேன். பூ ஒரு பக்கம் சாய்ந்து, திரும்புவதற்கு முன் அந்தக் கோடியில் ஒரு கணம் நிற்கிறது, ஊஞ்சல் போல. அந்த நிற்றலில் ஷட்டரைத் திறந்தால் பூவின் நடு வட்டம் படத்தில் பதிந்துவிடுகிறது, அதன் பின் இதழ்கள் இழுத்துக்கொண்டு போகின்றன. கேமராவைக் கையால் அசைத்து எடுக்கும்போதும் இதே கணக்குதான். முதலில் கொஞ்சம் நிறுத்தி, பிறகு அசைத்தால் பூ மிஞ்சுகிறது. தொடக்கத்திலிருந்தே அசைத்தால் வண்ணக் கோடு மட்டும்தான்.

அன்று எடுத்தது 210. வைத்துக்கொண்டது நான்கு. அதில் ஒன்றில் முன்வரிசைப் பூவின் பழுப்பு நடு அப்படியே நிற்கிறது, பின்னால் வயல் முழுக்க மஞ்சளாக ஒரு பக்கம் சாய்ந்து ஓடுகிறது.

அம்மாவிடம் காட்டினேன், கண்ணாடி இல்லாமல். என்ன பூ என்று கேட்பதற்குள்ளேயே, "நல்ல காத்து போல" என்றார்.

ஐப்பசியில் வேலியோரம் செங்காந்தள் பூக்கும். அதன் இதழ்கள் மேல்நோக்கி வளைந்து தீ மாதிரி நிற்கும், அடிப்பக்கம் மஞ்சள், நுனி சிவப்பு. அதற்கு ஹீலியோஸின் முன்கண்ணாடியைத் திருப்பிப் போட்டு எடுக்க நினைத்திருக்கிறேன். நடு மட்டும் நின்று ஓரமெல்லாம் இழுபடுமாம். பெயர் பொறித்த முன்வளையத்தைத் திருகிக் கழற்ற ஒரு துண்டு சைக்கிள் ட்யூப் எடுத்து வைத்திருக்கிறேன்.